அணில்மேல் பழி போடுமுன் கொடியடியைப் பாருங்கள்

18 ஜூன் 2023, தேவகோட்டையிலிருந்து ஒரு கேள்வி

பேஷன் புரூட் கொடி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாடிவரை ஏறிவிட்டது. பூவுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பழம்கூட வாயில் வைத்ததில்லை, எல்லாம் அணில் வேலை. வலை போட்டேன், சிடி தட்டு கட்டித் தொங்கவிட்டேன், ஒன்றுக்கும் அசையவில்லை. செட்டிநாட்டில் கொடிப்பழம் வளர்ப்பது வீண், வெட்டிப்போட்டுவிட்டு நந்தியாவட்டை வைக்கலாம் என்பது என் முடிவு. மறுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

18 ஜூன் 2023, இரவு

மறுக்கிறேன். வெட்டாதீர்கள். காலையில் கொடிக்கு அடியில் என்ன கிடக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள். பிஞ்சா, கடித்த தோலா, வாடின பூவா?

19 ஜூன் 2023

வாடின பூ காம்போடு கொட்டிக் கிடக்கிறது, பிஞ்சே கண்ணில் படவில்லை என்கிறீர்கள். அண்ணே, அப்படியானால் இது அணில் இல்லை. உங்கள் கொடியில் காயே பிடிக்கவில்லை. இல்லாத பழத்தை அணில் எப்படித் தின்னும்?

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானும் ஒன்றரை வருஷம் அணிலைத் திட்டியவள். எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம். மூன்றாங்கட்டுக்குப் பின்னால் தோட்டம், செம்மண், ஒரு கிணறு. ஒரு நாற்றுப் பண்ணையில் மஞ்சள் பேஷன் புரூட் கன்று இரண்டு வாங்கி வைத்தேன். ஊதாப் பழக் கொடிக்குக் குளிர்ந்த மலை வேண்டும், கொடைக்கானல் பக்கம் தாட்பூட்பழம் என்று விற்பார்களே அந்த வகை. நம் வெயிலைத் தாங்குவது மஞ்சள்தான். கொடி காடாக வளர்ந்தது, பூவும் வந்தது, காய் மட்டும் வரவில்லை.

மஞ்சள் வகைக்கு ஒரு குணம் உண்டு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு கொடியின் தூள் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். பூ விரிவதே மத்தியானத்துக்கு மேல், இரவு மூடினால் அவ்வளவுதான், மறுநாள் கிடையாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் பெரிய கருவண்டு வந்து உட்கார்ந்து எழ வேண்டும். அல்லது நாம் செய்ய வேண்டும்.

பூவைக் கிட்டத்தில் பாருங்கள். வெள்ளையும் ஊதாவுமாக நூல்நூலாக வட்டம். நடுவில் ஒரு தண்டு. அதில் ஐந்து மஞ்சள் தூள்பை கீழ்நோக்கி இருக்கும், அதற்கு மேலே மூன்று கொம்பு. பூ விரிந்த புதிதில் கொம்பு மூன்றும் நிமிர்ந்து நிற்கும், போகப்போக வளைந்து தூள்பை மட்டத்துக்கு இறங்கும். இறங்கின பிறகு, ஒரு கொடியின் தூளைச் சின்ன தூரிகையில் எடுத்து அடுத்த கொடியின் கொம்பு நுனியில் தடவுங்கள். நான் காது குடையும் பஞ்சுக் குச்சியில் செய்கிறேன். இரண்டு மணி வெயிலில் ஏணி போட்டு நிற்க வேண்டும், தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு கொடி இருந்தால் போதும்.

22 ஜூன் 2023

மேலே "இரண்டு கொடி இருந்தால் போதும்" என்று எழுதிவிட்டேன், அது தவறு. என்னிடமும் இரண்டு இருந்தனவே! இரண்டும் ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டின தண்டு. பார்க்க இரண்டு, உள்ளே ஒன்று. ஒன்றின் தூள் மற்றதுக்கு உதவாது. பண்ணையில் இதை யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டுப் பழத்தை வாங்கி வந்து, அதன் விதையை முளைக்கப்போட்டு மூன்றாவது கொடி வளர்த்தேன். அது பூத்த பிறகுதான் மூன்றுமே காய்த்தன.

ஆகவே விதையிலிருந்து வந்த கொடி ஒன்றாவது பக்கத்தில் இருக்கட்டும்.

25 ஜூன் 2023

"விதை போட்டு அது பூக்க வருஷம் ஆகுமே, அதுவரை?" என்று கேட்டிருக்கிறீர்கள். தூளைப் பஸ்ஸில் கொண்டு போகலாம். பூ விரிந்த அன்றே பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வாருங்கள், என் கொடியில் பூ பறித்துத் தருகிறேன். நாலு மணிக்குள் உங்கள் வீட்டில் ஏணியில் நிற்கலாம்.

2 ஜூலை 2023

தேவகோட்டை அண்ணன் வந்தார். எவர்சில்வர் தூக்கில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் வாழையிலைத் துண்டு போட்டு ஏழு பூ வைத்துக் கொடுத்தேன். ஈரம் தூளில் படக்கூடாது. நனைந்தால் தூள் வெடித்து வீணாகிவிடும். மழை பெய்த மத்தியானங்களில் காய் பிடிக்காததற்கு அதுதான் காரணம். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் மூடியைத் திறந்து பார்த்தாராம்.

9 ஜூலை 2023

ஏழில் நாலு பிடித்துவிட்டது! பூ உதிராமல் காம்பில் நின்று, அடியில் பச்சையாக ஒரு பட்டாணி. இனி அறுபது, எழுபது நாள். இந்த நாலைத்தான் இனி காக்க வேண்டும். இப்போதுதான் அணில் பேச்சே ஆரம்பம்.

14 ஜூலை 2023

கருவண்டு பற்றி விட்டுப்போனது. மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கறுப்பு வண்டு, தச்சுத்தேனீ என்றும் சொல்வார்கள். நம் வீடுகளில் கைமரத்தைத் துளைக்கிறது என்று கண்ட இடத்தில் துடைப்பத்தால் அடிப்போம், நானும் அடித்திருக்கிறேன். இந்தப் பூவுக்கு ஏற்ற உருவம் அந்த வண்டுக்குத்தான். தேன் குடிக்கக் குனியும்போது அதன் முதுகு தூள்பையில் உரசுகிறது. சின்னத் தேனீக்கு அந்த உயரம் இல்லை, தூளைத் திருடிக்கொண்டு போய்விடும். இப்போது கிணற்றடியில் பட்டுப்போன முருங்கைக் கட்டையையும் நாலு காய்ந்த மூங்கிலையும் சாய்த்து வைத்திருக்கிறேன். கட்டையில் மூன்று துளை விழுந்திருக்கிறது, அடியில் மரத்தூள் குவியல். பஞ்சுக் குச்சி வேலை பாதியாகக் குறைந்தது.

20 ஆகஸ்ட் 2023

என் கொடியில் காய் முற்றுகிறது. இழப்பும் தொடங்கிவிட்டது. பத்து நாளாகக் காலையில் காபிக்கு முன்னால் கொடியடியைப் பார்ப்பதை வேலையாக வைத்திருக்கிறேன். யார் வந்து போனது என்று தடம் சொல்லிவிடுகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இது தெரியாமல் வலைக்கும் பைக்கும் காசு போடுவதில் பயனில்லை.

அணில் பகல் ஆள். காயைக் கொடியிலேயே வைத்து ஒரு பக்கம் துளை போட்டு உள்ளே இருப்பதை வழித்துத் தின்னும். தோல் காலிக் கூடாக அங்கேயே தொங்கும். விளிம்பைத் தடவினால் சின்னச் சின்ன இரட்டைக் கீறல் விரலுக்குப் படும், அது பல்.

எலி இரவு ஆள். கீறல் அதே மாதிரிதான், ஆனால் தோல் கொடியில் இருக்காது. எங்கள் வீட்டில் அடுக்கி வைத்த பழைய ஓட்டுக் குவியலுக்குள் பதினோரு தோல் எடுத்தேன்.

வௌவால் வந்தால் பக்கத்து வேம்புக்கோ புங்கனுக்கோ அடியில் பாருங்கள். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பியிருக்கும், சுவரில் எச்சம் சிதறியிருக்கும். பேஷன் புரூட்டின் ஓடு அதற்குக் கடினம்போல, திராட்சையைத்தான் அதிகம் தேடுகிறது.

சின்னான் குருவியும் மைனாவும் இந்த ஓட்டை உடைக்க முடியாமல் விட்டுவிடும். திராட்சையில்தான் அவற்றின் கொத்து, பழத்தில் ஒரு கீறல் விழுந்து சாறு வழிந்து எறும்பு மொய்க்கும்.

மயில் பழத்துக்கு வருவதில்லை. கன்றின் கொழுந்தைக் கொத்தும், கொடியடிப் பாத்தியில் மண்குளியல் போட்டு வேரைக் கிளறிவிடும். அதற்குக் கருவை முள் நாலு கிளையைப் பாத்தியில் பரப்பினால் போதும்.

குரங்கு வந்தால் தடம் தேடவே வேண்டாம், பந்தலே சரிந்திருக்கும்.

இன்னொன்று உண்டு. மதில்மேல் எச்சம், அதில் முழுசு முழுசாகக் கறுப்பு விதை. பறவை எச்சம் இல்லை, பெரியது. யாருடையது என்று பிடிபடவில்லை.

21 ஆகஸ்ட் 2023

இலைக்காம்பில் எறும்பு ஊர்கிறது, மருந்து அடிக்கவா என்று புதுவயலிலிருந்து கேட்கிறார்கள். அடிக்காதீர்கள். காம்பில் இலைக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவில் இரண்டு மொட்டு இருக்கும், அதில் தேன் ஊறும், அதற்குத்தான் எறும்பு. அது இருக்கும் கொடியில் புழு ஏறுவது குறைவு.

3 செப்டம்பர் 2023

இன்று எழுத மனமில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். போன வாரம் பந்தலைச் சுற்றி நைலான் வலை போட்டேன், மெல்லிய மீன்வலை நூல், கண் இரண்டு விரல் நுழையும் அளவு. கீழே மிஞ்சியதைச் சுருட்டித் தரையில் விட்டிருந்தேன். காலையில் பார்த்தால் சாரைப்பாம்பு ஒன்று அதில் சிக்கி, திரும்பத் திரும்ப முறுக்கி, நூல் செதிலுக்குள் இறங்கியிருந்தது. தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் தலையைச் சாக்கால் பிடித்துக்கொள்ள, நான் தையல் கத்தரியால் ஒவ்வொரு நூலாக வெட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி நூல் அறுந்தபோது அதில் அசைவு இல்லை. ஆறடிக்கு மேல் இருந்தது.

வலையை எடுத்துவிட்டேன்.

5 செப்டம்பர் 2023

வலையே கூடாதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மெல்லிய நூல் வலை, பெரிய கண், தளர்ந்த கட்டு, தரையில் கிடக்கும் ஓரம், இந்த நாலும் கூடாது. மெல்போர்னில் இருக்கும் என் நாத்தனார் மகளிடம் சொல்லி வருத்தப்பட்டபோது அவள் சொன்னாள்: அங்கே விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து வீட்டுப் பழச்செடிகளுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் கண் உள்ள வலை போடக்கூடாதென்று விதியே வந்துவிட்டது. சுண்டுவிரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் முடிவு வேறாகிவிட்டது. கொடியை மூட வேண்டாம், காயை மூடினால் போதும்.

26 செப்டம்பர் 2023

அந்தச் சாரைதான் ஓட்டுக் குவியல் எலிகளைத் தின்றுகொண்டிருந்தது என்பது இப்போது தெரிகிறது. மூன்று வாரத்தில் எலித் தோல் இரண்டு மடங்கு. ஓட்டுக் குவியலை மாற்றி, சுவரை விட்டு நாலடி தள்ளி, உயரமாகக் கல் வைத்து அதன்மேல் அடுக்கினோம். அதற்குப் பிறகு குறைகிறது.

காய்க்கு உறை என்னென்ன போட்டுப் பார்த்தேன் என்று கேட்டவர்களுக்கு: கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுக்கும் மெல்லிய வலைத்துணிப் பை சின்னானுக்குப் போதும், அணில் இரண்டே நாளில் கிழித்துவிட்டது. பழைய வேட்டித் துணிப் பை கொஞ்சம் பரவாயில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மாட்டாதீர்கள், நம் வெயிலில் காய் உள்ளேயே வெந்துவிடும். ஜன்னலுக்கு அடிக்கும் அலுமினியக் கொசுவலைக் கம்பிதான் நின்றது. ஒரு சாண் சதுரமாக வெட்டி, குழாயாகச் சுருட்டி, ஓரத்தை இரண்டு முறை மடித்து, காய் எலுமிச்சை அளவு ஆனதும் மாட்டி, வாயைக் காம்பைச் சுற்றித் தளர்வாக நூலால் கட்ட வேண்டும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். ஒரு பை செய்ய ஐந்து நிமிஷம் ஆகும், மூன்று சீசனுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி, முழுசாகப் பழுக்கும்வரை விடாதீர்கள். பச்சை மாறி மஞ்சள் ஏறத் தொடங்கியதும் பறித்துக் கூடையில் வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். தோல் லேசாகச் சுருங்கினதும் புளிப்பு இறங்கி இனிப்பு வரும்.

28 செப்டம்பர் 2023

தேவகோட்டை அண்ணன் எழுதுகிறார்: நாலில் ஒன்று அணிலுக்குப் போயிற்று, மூன்று பறித்தாகிவிட்டது. அவர் அம்மா ஒன்றை வெட்டி, சீனி போட்டுக் கரண்டியில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா ரெண்டு வருஷம் காத்திருந்தே, சரிதான், காத்திருக்கலாம்" என்றார்களாம். படித்துக்கொண்டே நான் கண்ணைத் துடைத்தேன்.

29 அக்டோபர் 2023

கொட்டான் (ஓலையில் முடைந்த சின்னக் கூடை) போட்டுப் பார்க்கலாமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். பரணில் பழைய பனையோலைக் கொட்டான் ஒரு மூட்டை இருந்தது, ஆயா காலத்தது. வண்ணம் மங்கிப்போய், ஆனால் ஒரு பின்னல்கூட விடவில்லை. மூன்றைக் கவிழ்த்துக் காய்மேல் கட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. அணில் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நானே பார்த்தேன். ஐப்பசி மழை நாலு நாள் பெய்ததும் ஓலை ஊறிப் பூஞ்சணம் பிடித்து, காயும் கெட்டது. கோடையில் மட்டும் செய்யலாம். புதுக் கொட்டான் வாங்கி இதற்குப் போடாதீர்கள், அது முடைகிறவர்களின் உழைப்பு.

12 நவம்பர் 2023, தீபாவளி

ஜூலையில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, குரங்கு வந்தால் ஒரு வெடி போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய் வந்தோம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான், 1977-இல் அறிவித்தது. கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் கலைந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் புதுச்சட்டையோடு கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஊர் அமைதியாக இருக்கிறது. நாலு பழத்துக்காக நான் வெடி போடச் சொன்னது அங்கே உட்கார்ந்திருந்தபோது மனசை உறுத்தியது.

குரங்குக்கு என்ன வழி என்றால், எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டு வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே பெரியவர்கள் காலத்திலேயே இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். அதனடியில் தொட்டியில் ஒரு கொடி வைத்து ஏற்றியிருக்கிறேன். குரங்கு மேலே உட்கார்ந்து பார்க்கிறது, கை எட்டவில்லை.

6 ஜனவரி 2024

வளவுக் கொடி தேறவில்லை. இலை பெரிது பெரிதாக வருகிறது, பூ இரண்டே இரண்டு. மூன்று மணி நேர வெயில் போதாது. தோட்டத்துக்கே மாற்றிவிட்டேன்.

21 ஜனவரி 2024

மழை முடிந்து பனி விழுகிறது, திராட்சைக்குக் கவாத்து. கம்பத்திலிருந்து கொண்டுவந்த பன்னீர் திராட்சை, நாலு வயது. இலை எல்லாவற்றையும் உருவி, போன வருஷக் குச்சியை நாலைந்து கணு விட்டு வெட்டினேன். வெட்டின இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடியும், பயப்பட வேண்டாம். மழைக்கு முன் வெட்டினால் பூவும் பிஞ்சும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மாட்டி அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். இப்போது வெட்டினால் சித்திரை, வைகாசியில் பழம்.

திராட்சையைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது, கொடியில் இனித்ததுதான் இனிப்பு. ஆகையால் கடைசி இருபது நாள் காவல் வேண்டும்.

10 மார்ச் 2024

ஒருவர் "பழத்தில் குருணை மருந்து வைத்துவிடுங்கள், ஒரே நாளில் தீர்ந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார். இதை நான் சும்மா கடந்து போக மாட்டேன்.

மருந்து தின்ற அணிலைக் காக்கை தின்னும், பூனை தின்னும், வல்லூறு தின்னும். கீழே விழுந்ததை மயில் கொத்தும். அடுத்த வீட்டுக் குழந்தை எடுத்தால் என்ன செய்வீர்கள்? மயில் 1963 முதல் தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு வருஷம் சிறை. சட்டம் கிடக்கட்டும். நம் கொல்லையில் நம்மை நம்பி ஓடுகிற உயிருக்கு நாம் பழத்தில் விஷம் வைப்பதா? இந்த யோசனையை இனி இங்கே யாரும் எழுத வேண்டாம்.

17 ஏப்ரல் 2024

வெயில் தாங்கவில்லை. ஒன்று கவனித்தேன். அணிலும் சின்னானும் இப்போது பழுக்காத புளிப்புத் திராட்சையையே கடிக்கின்றன. பசியைவிடத் தாகம் என்று தோன்றியது. கிணற்றடியில் மாட்டுக்கு வைத்திருந்த பழைய கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பந்தலிலிருந்து முப்பதடி தள்ளி, மர நிழலில் வைத்துத் தண்ணீர் நிரப்பினேன். உள்ளே ஒரு கல், விழுந்த அணில் ஏறி வர. ஒரு வாரத்தில் கடி பாதிக்குமேல் குறைந்தது. கொசு வராமல் இருக்க இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறேன்.

வேலியில் கோவைக்கொடியும் ஏறியிருக்கிறது. காயில் பாதியைப் பொரியலுக்குப் பறிக்கிறேன், மீதி சிவக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். கிளியும் குயிலும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

19 ஏப்ரல் 2024

அணில் கடித்த பழம்தான் அதிக இனிப்பு, கடித்த பக்கத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடுவோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டேன். இப்போது இல்லை. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, பறவையோ வௌவாலோ கடித்த பழத்தைத் தொடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடித்தது அணிலா வௌவாலா என்று ஒவ்வொரு பழத்துக்கும் நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடித்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

11 மே 2024

திராட்சை பறித்தோம். கொத்துக்கு ஒரு வேட்டித் துணிப் பை, முப்பத்தெட்டுக் கொத்து. ஆறு கொத்து வௌவாலுக்கும் சின்னானுக்கும் போனது. கறுத்து, தோலில் வெள்ளைத் தூள் படிந்து, வாயில் போட்டதும் பன்னீர் வாசனை. தெருவில் பதினான்கு வீட்டுக்குக் கொடுத்தேன்.

12 மே 2024

நேற்று இரவு அந்த மதில் எச்சக்காரரைப் பார்த்துவிட்டேன். பின்கட்டுத் திண்ணையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை இருக்கும். எங்கள் வீட்டில் பங்காளிகள் பூட்டிவிட்டுப் போன கட்டு ஒன்று உண்டு, இருபது வருஷமாக ஆள் இல்லை. அதன் ஓட்டுச் சந்திலிருந்து முதலில் ஒரு வாசனை வந்தது, பச்சரிசிச் சோறு வடித்த மாதிரி. அப்புறம் முகம். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, உடம்பு நீளத்துக்கு வால். மரநாய்! மதில்மேல் அவசரமே இல்லாமல் நடந்து வந்து பந்தலுக்குத் தாவியது. பழுத்த பேஷன் புரூட்டாகப் பார்த்து, முகர்ந்து முகர்ந்து, ஒன்றை விட்டு ஒன்று போனது. பச்சையைத் தொடவே இல்லை. எனக்குக்கூட அவ்வளவு சரியாகத் தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், விரட்டத் தோன்றவில்லை.

23 ஜூன் 2024

மதிலுக்கு வெளியே, ஊரணிக்குப் போகும் வழியில், வேலி ஓரம் பேஷன் புரூட் கன்று ஒன்று முளைத்து முழங்கால் உயரம் நிற்கிறது. நான் நடவில்லை. எச்சத்தில் முழுசாக விழுந்ததே அந்தக் கறுப்பு விதை, அதுதான். விதையில் வந்த கொடி, என் மூன்றையும்விட வேறு. தேவகோட்டை அண்ணனிடம் சொன்னேன், மழை ஆரம்பித்ததும் வேர்மண்ணோடு எடுத்துப்போக வருகிறார். அந்தத் தூக்கையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

30 ஜூன் 2024

பந்தலின் வடக்கு மூலையில் ஒரு கம்பிப் பை பிய்ந்து கிடக்கிறது, மடித்த ஓரம் விரிந்திருக்கிறது. பல் கீறல் இல்லை, தோலும் இல்லை. அணிலால் இந்த மடிப்பைத் திறக்க முடியாது. மதிலில் எச்சமும் காணோம். நாளைக் காலை கொடியடியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.